குளித்த நீர் வேருக்குப் போகலாமா?

வீட்டில் ஒருமுறை புழங்கிய நீரைச் செடிக்கும் மரத்துக்கும் விடலாமா? இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக ஒன்றோடொன்று மோதும் விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. புழக்கடை வாழைக்கு விட்டால் போதும் என்பது கிராமத்து வழக்கம். வீட்டுக் கழிவு ஒரு சொட்டும் மண்ணில் படக் கூடாது என்று நகரச் சுகாதாரச் சட்டம் தடுத்தது. வறட்சி நெருக்கிய ஊர்களில் அந்தத் தடை தளர்ந்தது. அதன்பின் மண்ணியல் ஆய்வாளர்கள் வந்து, தளர்வுக்கு என்ன விலை என்று கேட்டார்கள். இந்த விடைகள் எங்கே பிறந்தன, எங்கே வலுவிழக்கின்றன, சென்னை போன்ற ஒரு வெப்பநகருக்கு அவற்றில் எவை பொருந்தும் என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

எந்த நீர், எவ்வளவு நீர்

குளியல், கை கழுவும் தொட்டி, துணி துவைப்பு ஆகியவற்றிலிருந்து வெளியேறும் நீரைத் துறையினர் சாம்பல்நீர் என்கிறார்கள். கழிப்பறை நீர் இதில் சேராது. சமையலறைத் தொட்டி நீரைச் சேர்ப்பதா, விலக்குவதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அதில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் மீன் கழுவிய நீரும் கலந்திருக்கும். மற்றவற்றைவிட விரைவில் நாறும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் விதிகள் அதை விலக்கின. ஜோர்டானில் நடந்த முயற்சிகள் சேர்த்துக்கொண்டன.

பாதாளச் சாக்கடை உள்ள இந்திய நகரங்களில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் திட்ட அளவு. நான்கு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். அதில் பாதியைச் சாம்பல்நீர் என்று குறைத்து எடுத்துக்கொண்டாலும் 270 லிட்டர் தேறும். கோடையில் ஒரு சதுர மீட்டர் பசுமைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தேவை என்று கொண்டால், இந்த நீர் 50 சதுர மீட்டர் தோட்டத்துக்குப் போதும். தனி வீட்டுக்கு இது நல்ல கணக்கு. பத்துக் குடும்பங்கள் வாழும் அடுக்குமாடியில் நாளொன்றுக்கு 2,700 லிட்டர் வரும். மண் இருப்பதோ மதில் ஓரத்தில் ஒரு குறுகிய பட்டை. பின்னால் வரும் சர்ச்சைகளில் பாதி இந்தப் பொருத்தமின்மையிலிருந்தே கிளம்புகிறது என்று நினைக்கிறேன்.

புழக்கடை வாழை: பழைய விடை

துவைகல்லுக்குப் பக்கத்தில் வாழை, பாத்திரம் துலக்கும் இடத்தில் சேம்பு, கிணற்றடியில் தென்னை, கல்வாழை. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் இந்த அமைப்பு வீட்டு வடிவத்தின் பகுதியாகவே இருந்தது. குழாய், தொட்டி, மின்சாரம் எதுவும் வேண்டாம். நீர் தேங்குவதற்குமுன் மண் உறிஞ்சிவிடும். ஈரத்தை விரும்பும் செடி அதைக் குடித்துவிடும். இன்றைய பொறியாளர்கள் பரிந்துரைக்கும் தாவரப் படுகையின் கொள்கையும் ஏறத்தாழ இதுதான்.

இந்த விடையை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள விரும்புவோர் இரண்டு மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்த நீரில் இருந்தவை வேறு. சீயக்காய், அரப்பு, புளி, சாம்பல் ஆகியவை மண்ணில் சிதைந்துபோகும் பொருள்கள், அல்லது பயிர் ஏற்றுக்கொள்ளும் பொருள்கள். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. அது பயிருக்கு உணவு. சலவைத்தூளில் மிகுந்திருப்பது சோடியம். இரண்டும் காரத்தன்மை தருபவைதாம் என்றாலும், மண்ணில் அவை செய்யும் வேலை வேறு. இரண்டாவது, வீடுகளின் நெருக்கம். ஒரு வாழைக்குழியைச் சுற்றி அரை ஏக்கர் காலியாக இருந்தபோது தாங்கிய மண், அரை கிரவுண்டில் நான்கு குடும்பங்களின் நீரையும் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பழைய அமைப்பு குறையற்றதும் அன்று. வாழையடியில் நீர் குட்டையாக நின்ற இடங்களில் க்யூலெக்ஸ் கொசு பெருகியது. அழுக்கு நீரில் முட்டையிடும் அந்தக் கொசுதான் யானைக்கால் நோயைப் பரப்புகிறது. தமிழகத்தின் பல பகுதிகள் அந்த நோயோடு நெடுங்காலம் போராடியவை. புழக்கடையைப் போற்றி எழுதும் கட்டுரைகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

தடை: சுகாதாரத்தின் வாதம்

காலராவும் டைஃபாய்டும் பெருநகரங்களை உலுக்கிய 19-ஆம் நூற்றாண்டில் உருவான கொள்கை எளிமையானது: வீட்டுக் கழிவு நீர் அனைத்தையும் மூடிய குழாயில் சேர்த்து ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். குளித்த நீர், கழிப்பறை நீர் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் குழாய்ப்பணி விதிகள் பல நாடுகளில் இந்தக் கொள்கையையே சட்டமாக்கின. கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த கொள்கை என்பதால், அதை மூடநம்பிக்கைபோல் ஒதுக்குவது நியாயமாகாது.

குளியல் நீரில் மலக்கிருமிகள் உண்டா என்றால், உண்டு. எவ்வளவு என்பதில்தான் விவாதம். ஸ்வீடனில் ஓட்டோசன், ஸ்டென்ஸ்ட்ரோம் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. வழக்கமாக ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களை எண்ணித்தான் மலக்கலப்பை மதிப்பிடுவார்கள். சாம்பல்நீரில் அந்தப் பாக்டீரியாக்கள் தாமே பெருகிவிடுவதால், அந்த எண்ணிக்கை உண்மையைவிடப் பல மடங்கு மிகையாகக் காட்டலாம் என்று அவர்கள் கண்டார்கள். மலத்தில் மட்டுமே உள்ள ஒரு வேதிப்பொருளைக் கொண்டு அளந்தபோது, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.04 கிராம் என்ற சிறு அளவே கிடைத்தது.

இந்த எண்ணைச் சென்னைக் குளியலறைக்கு அப்படியே கொண்டுவரத் தயங்க வேண்டியிருக்கிறது. ஸ்வீடனில் காகிதம் பயன்படுத்துகிறார்கள். இங்கே நீரால் கழுவுகிறோம். குளியலும் கழிப்பறையும் ஒரே அறையில், ஒரே ஈரத்தரையில் இருக்கின்றன. கழுவும்போது தெறிப்பதும், குழந்தையைக் கழுவிவிடும் நீரும் தரைப் பொறியின் வழியாகக் குளியல் நீரோடுதான் போகின்றன. ஆகவே நம் சாம்பல்நீரில் மலக்கலப்பு அங்கு அளந்ததைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். குழந்தையின் துணி அலசிய நீரையும், தொற்றுநோயாளி இருக்கும் வீட்டு நீரையும் தோட்டத்துக்கு விடாமல் சாக்கடைக்கே அனுப்ப வேண்டும் என்ற விதி பல நாடுகளின் வழிகாட்டல்களில் ஏதோ ஒரு வடிவில் உண்டு. அதை இங்கே இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

சாம்பல்நீரால் நோய் பரவியதற்குப் பதிவான சான்று இல்லை என்று ஆதரவாளர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். இது பலவீனமான வாதம். ஒரு வீட்டில் இருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடுவதில்லை. தேடாத இடத்தில் சான்று கிடைக்காததை வைத்துப் பாதுகாப்பு என்ற முடிவுக்கு வர இயலாது.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட நான்கு தொகுதி வழிகாட்டி இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது. நீர் எவ்வளவு தூய்மை என்று மட்டும் பார்க்காமல், நீருக்கும் மனித வாய்க்கும் இடையே எத்தனை தடுப்புகள் உள்ளன என்று பார்த்தது. நீரைத் தெளிக்காமல் வேரில் விடுவது ஒரு தடுப்பு. பச்சையாக உண்ணும் கீரைக்கு விடாமல் மரத்துக்கு விடுவது இன்னொன்று. சுத்திகரிப்பு இவற்றில் ஒன்று மட்டுமே. ஏழை நாடுகளுக்கு இந்த அணுகுமுறை பெரிதும் உதவியது. குளித்த நீரைக் கொத்தமல்லிப் பாத்திக்கு விடுவதும் தென்னைக்கு விடுவதும் ஒரே செயல் ஆகாது என்பதை அறிவியல் மொழியில் அது நிறுவியது.

வறட்சி தந்த அனுமதி

அமெரிக்காவில் தடை முதலில் உடைந்தது கலிபோர்னியாவில். கடும் வறட்சியின் நடுவே 1989-இல் சான்டா பார்பரா சாம்பல்நீரைச் சட்டப்படி அனுமதித்தது. 1990-களில் மாநிலம் முழுவதற்கும் விதி வந்தது. ஆனால் அது கேட்ட வரைபடமும் அனுமதிக் கட்டணமும் ஆழமான குழாய்ப் பதிப்பும் பெரும்பாலோரை விலக்கிவைத்தன. அனுமதி வாங்காமல் குழாயை மாற்றிக்கொண்டவர்களே மிகுதி. 2009-இல் விதி திருத்தப்பட்டு, துணி துவைக்கும் இயந்திரத்தின் நீரை மட்டும் தோட்டத்துக்குத் திருப்புவதற்குச் சில நிபந்தனைகளோடு அனுமதிச் சீட்டே வேண்டாம் என்றானது. நீர் வெளியே தெரியாதபடி குறைந்தது 2 அங்குல மூடாக்கு அல்லது மண்ணுக்கு அடியில் விட வேண்டும் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று.

அரிசோனா 2001-இலேயே இன்னும் துணிவாக நடந்தது. நாளொன்றுக்கு 400 காலன், அதாவது ஏறத்தாழ 1,500 லிட்டர் வரை பயன்படுத்தும் வீடு எந்தப் படிவமும் தர வேண்டியதில்லை. சில எளிய நிபந்தனைகளைப் பின்பற்றினால் போதும். தெளிப்பான் கூடாது, தேங்கக் கூடாது, வீட்டு எல்லையைத் தாண்டி ஓடக் கூடாது. உணவுப் பயிருக்கு விடக் கூடாது, எலுமிச்சை இனங்களும் கொட்டைமரங்களும் விலக்கு. மக்கள் எப்படியும் செய்யப் போகிறார்கள், ஆகவே பாதுகாப்பாகச் செய்ய வழி சொல்வோம் என்ற எண்ணம் இந்த விதியின் பின்னால் இருந்தது. ஆஸ்திரேலியாவும் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நீண்ட வறட்சியில் இதே முடிவுக்கு வந்தது: சுத்திகரிக்காத நீரைச் சேமிக்காதே, வந்த அன்றே மண்ணுக்குள் விடு. 24 மணி நேரத்துக்கு மேல் தேக்கினால் சாம்பல்நீர் அழுகத் தொடங்கிவிடும்.

இந்த அனுமதிகளின் பலவீனம், அவை ஓர் இடத்தின் மண்ணையும் வீட்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது. அரிசோனாவின் தனி வீட்டுக்குச் சுற்றிலும் நிலம் உண்டு; ஆண்டின் பெரும்பகுதி மண் தாகத்தோடு இருக்கும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்ணுக்கு வானமே மிகையாகத் தருகிறது. அந்த மாதங்களில் சாம்பல்நீரைச் சாக்கடைக்கே திருப்பும் வால்வு இல்லாத அமைப்பு இங்கே அரைகுறை அமைப்புதான்.

மண் என்ன சொல்கிறது

கிருமியைப் பற்றிய விவாதம் பழையது. மண்ணைப் பற்றியது புதியது. நெடுங்காலப் போக்கில் இதுவே முக்கியம் என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் பெரும்பாலான கிருமிகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ மண்ணில் செத்துப்போகும். உப்பு சாகாது.

இஸ்ரேலின் பென்-குரியோன் பல்கலைக்கழகத்தில் அமித் கிராஸும் உடன் ஆய்வாளர்களும் 2000-களின் நடுவில் வெளியிட்ட ஆய்வுகள் முதல் எச்சரிக்கையைத் தந்தன. சுத்திகரிக்காத சாம்பல்நீர் பாய்ந்த மண்ணில், சலவைப்பொருளின் நுரைக்கும் மூலக்கூறுகள் சேர்ந்து, மண்துகள் நீரை ஏற்கும் தன்மையையே குறைக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். நீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் மேலே வழியும் மண்ணாக அது மாறக்கூடும். போரான் சேர்வதையும் அவர்கள் குறித்தார்கள். போரான் பயிருக்குச் சிறிதளவே தேவை. அதைத் தாண்டினால் இலை நுனி கருகும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் தலைமையேற்று 2012-இல் முடித்த பெரிய ஆய்வு சற்று நம்பிக்கையான படத்தைத் தந்தது. ஐந்தாண்டுக்கு மேல் சாம்பல்நீர் பாய்ச்சிய வீட்டுத் தோட்டங்களையும் அவர்கள் பார்த்தார்கள். சோடியமும் நுரைப்பொருளும் கூடியிருந்தன. ஆனால் பெரும்பாலான செடிகள் நலமாக இருந்தன. அவகாடோ, எலுமிச்சை, ஸ்காட்ஸ் பைன் ஆகியவை பாதிப்பைக் காட்டின. அரிசோனா விதி விலக்களித்து அனுமதித்த எலுமிச்சை இனமே இங்கே வாடியது கவனிக்கத்தக்கது. விதி எழுதியவர்கள் உண்பவரின் வயிற்றைப் பார்த்தார்கள், மரத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு ஆய்வுகளையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. மண் வகை, மழை, சலவைப்பொருள் மூன்றும் மாறினால் முடிவும் மாறும் என்றே அவற்றைச் சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது. மூன்றில் வீட்டாரின் கையில் இருப்பது சலவைப்பொருள் ஒன்றே. ஆஸ்திரேலியாவில் ராபர்ட் பேட்டர்சன் கடைகளில் விற்கும் சலவைத்தூள்களையும் திரவங்களையும் சோதித்து, ஒன்றுக்கொன்று சோடிய அளவில் பெரும் வேறுபாடு இருப்பதை வெளியிட்டார். பொதுவாகத் திரவங்களில் சோடியம் குறைவு. இடத்தை நிரப்ப சோடியம் சல்ஃபேட் சேர்க்கும் மலிவுத் தூள்களில் மிகுதி. அந்தப் பட்டியல் ஆஸ்திரேலியத் தோட்டக்காரர்களுக்குக் கிடைத்தது. நம் கடைகளில் சலவைக்கட்டியின் உறையில் வாசனையும் வெண்மையும் இருக்கும், சோடியம் இருக்காது.

சென்னைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டுக்குள் வரும்போதே பல இடங்களில் போர்வெல் நீர் உப்பும் கடினமுமாக இருக்கிறது. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோடியத்தின் கெடுதலை மண்ணில் ஓரளவு ஈடுகட்டும்; இது எதிர்பாராத நன்மை. ஆனால் அடுக்குமாடிகள் பலவற்றில் கடின நீரை மென்னீராக்கும் இயந்திரம் வைக்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. அந்த நீரில் குளித்து, அதே நீரில் துவைத்து, களிமண் தோட்டத்துக்கு விட்டால் சில ஆண்டுகளில் மண் இறுகிப்போகும் ஆபத்து உண்மையானது. இயந்திரத்தைக் கழுவிய உப்புநீரும் ஆர்.ஓ. கழிவு நீரும் தெளிவாகத் தெரிவதாலேயே செடிக்கு விடப்படுகின்றன. ஆர்.ஓ. கழிவில் வந்த நீரின் உப்பெல்லாம் செறிந்திருக்கிறது. மென்னீர் இயந்திரத்தின் கழிவு உப்புக்கரைசலேதான். குளித்த நீரைவிட இவற்றுக்குத்தான் அஞ்ச வேண்டும்.

கடற்கரையோரம் பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கத்து மணற்பாங்கில் நிலை தலைகீழ். மணல் இறுகாது, உப்பை மழை கழுவிவிடும். ஆனால் கழுவியது நேராக ஆழமில்லாத நிலத்தடி நீருக்குப் போகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறையில் இந்தக் கவலை இன்னும் கூர்மையானது. பாறையின் பிளவுகள் வழியே நீர் வடிகட்டப்படாமலே இறங்கும். பக்கத்திலேயே குடிநீர்க் கிணறு இருக்கும்.

சுத்திகரித்தா, அப்படியேயா

ஒரு தரப்பு எளிமையை வலியுறுத்துகிறது. கலிபோர்னியாவின் ஆர்ட் லட்விக் இதன் முன்னோடி: தொட்டி வேண்டாம், பம்ப் வேண்டாம், வடிகட்டி வேண்டாம், ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு நாள் பழுதாகும். மறு தரப்பு குறைந்தபட்சச் சுத்திகரிப்பு இல்லாமல் எதுவும் கூடாது என்கிறது. ஜோர்டானின் தஃபிலா பகுதியில் நான்கு பீப்பாய்களைத் தொடராக வைத்து நீரைத் தெளியவைத்து ஒலிவ மரங்களுக்கு விட்ட அமைப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வறிய குடும்பங்களுக்கு அது பயனளித்தது. இத்தகைய அமைப்புகளின் தீராத தொல்லை எண்ணெய்ப் படிவும் நாற்றமும். பீப்பாயை யார் கழுவுவது என்ற கேள்வி கடைசியில் வீட்டுப் பெண்களின் தலையில் விழுகிறது. மத்தியப் பிரதேசத்தின் பழங்குடி விடுதிப் பள்ளிகளில் நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும் யூனிசெஃபும் செய்த பணி, பள்ளி அளவில் குளியல் நீரை வடிகட்டிக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் விட முடியும் என்று காட்டியது.

சென்னையில் வேதியியலாளர் இந்துகாந்த் ராகடே பரப்பிய முறை தனித்துக் குறிப்பிடத் தக்கது. சமையலறை நீரை விலக்கி, குளியல், துவைப்பு நீரைக் கல்வாழை போன்ற செடிகள் நட்ட மண் படுகையில் விட்டு, அதன் வழியே நிலத்தடிக்கு இறக்குவது. இதற்கு இந்தியக் கட்டட வழக்கம் ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. பழைய கட்டடங்கள் பலவற்றில் கழிப்பறைக்கு ஒரு குழாய், குளியலுக்கு ஒரு குழாய் என்று பிளம்பர்கள் சாயில் லைன், வேஸ்ட் லைன் தனித்தனியாக இறக்கினார்கள். அவை தரைமட்டத்துக்கு வந்த பிறகே சேர்கின்றன. சேருமுன் பிரித்தெடுப்பது பெரிய வேலை அன்று. இரண்டையும் ஒரே குழாயில் இறக்கும் புதிய கட்டடங்களில் அந்த வசதியை நாமே இழந்துகொண்டிருக்கிறோம்.

ஊரின் கணக்கு

இன்னொரு மறுப்பு உண்டு. அதை ஆதரவாளர்கள் போதிய கவனத்தோடு எடுத்துக்கொள்வதில்லை. இஸ்ரேல் தன் கழிவுநீரில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சுத்திகரித்து விவசாயத்துக்குத் தருகிறது. அங்கே வீடுகள் சாம்பல்நீரை எடுத்துக்கொண்டால், புதிதாக நீர் பிறப்பதில்லை. வயலுக்குப் போக வேண்டியது வீட்டுத் தோட்டத்துக்குப் போகிறது. சென்னையும் அந்தத் திசையில் நகர்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 45 மில்லியன் லிட்டர் (எம்.எல்.டி.) கொள்ளளவில் 2019-இல் தொடங்கிய நிலையங்கள், கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றபடி தூய்மையாக்குகின்றன. பாதாளச் சாக்கடை ஒழுங்காக இயங்கும் பகுதியில் வீட்டு மறுபயன்பாட்டின் ஊர்தழுவிய லாபம் சிறியதாகவே இருக்கலாம். சாக்கடை எட்டாத புறநகரில், செப்டிக் டேங்க் நிரம்பி லாரிக்குக் காத்திருக்கும் தெருவில், கணக்கு முற்றிலும் வேறு. அங்கே சாம்பல்நீரைப் பிரிப்பது டேங்கின் சுமையைக் குறைக்கிறது, தெருவில் ஓடும் நீரைக் குறைக்கிறது, மரமும் கிடைக்கிறது.

சேமிப்பு பற்றிய பேச்சிலும் எச்சரிக்கை தேவை. ஏற்கெனவே நல்ல நீரில் தோட்டம் வளர்ப்பவர் சாம்பல்நீருக்கு மாறினால் நீர் மிச்சம். தோட்டமே இல்லாதவர் அந்த நீரால் தோட்டம் போட்டால் மிச்சம் எதுவுமில்லை. ஊருக்கு நிழல் கிடைக்கிறது. குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்ட 2019 கோடையைக் கண்ட நகரில் அந்த நிழலும் சிறிய பயன் ஆகாது. ஆனால் அதை நீர்ச் சேமிப்புக் கணக்கில் எழுதக் கூடாது.

தெளிந்தவை, தெளியாதவை

குளியல் நீரைத் தேக்காமல், மண்ணுக்கு அடியில், பச்சையாக உண்ணாத பயிருக்கு விடுவது பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்கத்தக்க அளவு பாதுகாப்பானது என்பதில் இன்று பரந்த உடன்பாடு உண்டு. துவைப்பு நீரைப் பொறுத்தவரை விடை சலவைப்பொருளையும் மண்ணையும் சார்ந்தது. சமையலறை நீரைச் சேர்ப்பதற்கான வாதம், எண்ணெயைத் தினமும் அகற்ற ஆள் இருக்கும் இடத்தில் மட்டுமே நிற்கும்.

தெளியாதவை இன்னும் பல. மென்னீர் இயந்திரம், உப்பு நிறைந்த போர்வெல், களிமண் மூன்றும் சேரும் இடத்தில் பத்தாண்டு கழித்து மண் எப்படி இருக்கும் என்பதை இஸ்ரேல், கொலராடோ அளவீடுகளால் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அந்த உப்பைக் கழுவிவிடுகிறதா, கிணற்றுக்குள் தள்ளுகிறதா என்பது இடத்துக்கு இடம் மாறக்கூடும். ஈரத்தரைக் குளியலறையிலிருந்து வரும் நீரில் மலக்கலப்பு எவ்வளவு என்பதை, தானே பெருகும் பாக்டீரியாவை எண்ணாமல், ஸ்வீடனில் செய்ததுபோல் வேதிப்பொருளால் அளந்தால்தான் இங்கே எத்தனை தடுப்புகள் வேண்டும் என்று தீர்மானிக்க இயலும். கல்வாழைப் படுகைகள் பல ஆண்டுகளாக இயங்கும் குடியிருப்புகள் இந்த நகரிலேயே உள்ளன. அவற்றின் படுகை மண்ணையும், பக்கத்துக் கிணற்று நீரையும், மழைக்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதிப்பது செலவு மிகுந்த பணி அன்று. முதலில் தொடங்கக் கூடியதும் அதுவே.